கொசஸ்தலையாற்றங்கரையில் தூண்டிலோடு ஒரு விடுமுறை

உயிருள்ள ஒவ்வொன்றையும் நீரிலிருந்தே படைத்ததாக வல்ல அல்லாஹ் தன் திருமறையில் அறிவிக்கின்றான். அந்த நீரின் கரையில், கையில் ஒரு தூண்டிலும் அருகில் பெற்ற பிள்ளைகளும் இருக்க, ஒரு நாள் முழுவதும் அமைதியாக அமர்ந்திருக்கும் பேறு இன்று நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கின்றது? விடுமுறை என்றதும் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் முன்பதிவு செய்ய ஓடுகிறோம். ஆனால், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் வாழும் குடும்பங்களுக்கு ஓரிரு மணி நேரப் பயணத்திலேயே ஓர் ஆறும், அதன் நீரால் நிறையும் பெரிய ஏரிகளும் காத்திருக்கின்றன. கொசஸ்தலையாறு என்றும் கொற்றலையாறு என்றும் வழங்கப்படும் அந்த ஆற்றின் வழியே மீன் பிடிக்கும் விடுமுறை ஒன்றைத் திட்டமிட விரும்பும் குடும்பங்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

மார்க்கம் தந்த அனுமதி

நீரில் வேட்டையாடுவதும் அதில் கிடைக்கும் உணவும் நமக்கு ஹலாலாக்கப்பட்டுள்ளன என்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 96-ஆம் வசனம் தெளிவுபடுத்துகின்றது. ஹஜ்ஜுக்காக இஹ்ராம் அணிந்தவருக்குக்கூடத் தரை வேட்டை மட்டுமே விலக்கப்பட்டிருக்கின்றது. நீர் வேட்டை விலக்கப்படவில்லை. மீனுக்கு அறுப்பும் தேவையில்லை.

அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் கடற்கரையோரம் சென்ற 300 வீரர்களின் வரலாற்றை நாம் அறிவோம். உணவு தீர்ந்து, உலர்ந்த இலைகளை உண்ணும் நிலைக்கு ஆளான அவர்களுக்கு, கரையொதுங்கிய ஒரு பெரும் மீனை அல்லாஹ் உணவாக அளித்தான். மதீனா திரும்பிய பின் அதன் இறைச்சியில் சிறிதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் விரும்பி உண்டார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன.

அனுமதி உண்டு என்பதால் வரம்பு இல்லை என்று பொருளாகாது. உயிருள்ள எதையும் வெறும் விளையாட்டுக்குரிய இலக்காக ஆக்கக் கூடாது என்று நம் தலைவர் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கின்றார்கள். மீனைத் தூண்டிலில் பிடித்து, அளந்து, படம் எடுத்துக்கொண்டு, கிழிந்த வாயோடு மீண்டும் நீரில் விடுவது மேலை நாடுகளில் ஒரு பெரிய பொழுதுபோக்கு. உண்ணும் நோக்கமின்றி ஓர் உயிரை இவ்வாறு வதைப்பதை உலமாக்கள் பலர் வெறுத்துள்ளனர். ஆகவே, வீட்டு அடுப்புக்கு வேண்டிய அளவு பிடிப்பது, அதைத் தாண்டினால் தூண்டிலைச் சுருட்டி வைப்பது என்பதை முதல் விதியாகக் கொள்ளலாம். தப்பித் தவறி மிகச் சிறிய குஞ்சு மாட்டிக்கொண்டால் ஈரக்கையால் பிடித்து உடனே நீரில் விடுவது நன்று. அது விளையாட்டன்று, அடுத்த ஆண்டிற்கு மீன் இருக்கட்டும் என்னும் கரிசனம்.

முதற்கேள்வி: எந்த நீர்?

தூண்டில் வாங்குமுன், எந்த நீரில் பிடிப்பது என்பதை முடிவு செய்ய வேண்டும். இதற்கு நம்மிடம் எளிய அளவுகோல் ஒன்று ஏற்கெனவே இருக்கின்றது. மத்ரஸாவில் ஓதிய சிறு பிள்ளையும் அதை அறியும். உளூச் செய்யும் நீரின் நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றும் அசுத்தத்தால் மாறியிருக்கக் கூடாது. அதே அளவுகோலைத் தூண்டிலுக்கும் வைத்துக்கொள்ளலாம். எந்த நீரை அள்ளி முகம் கழுவ உள்ளம் கூசுகின்றதோ, அந்த நீரில் வளர்ந்த மீனை உங்கள் பிள்ளையின் தட்டில் வைக்காதீர்கள்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நம் வீடுகளுக்கு மிக அருகில் ஓடும் ஆறே முதலில் தோற்றுப்போகின்றது என்பது வேதனைக்குரியது. பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலை கூவம் ஆற்றைக் கடக்கின்றது. கூவமும் கொசஸ்தலையாறும் வேறு வேறு குடும்பத்தவை அல்ல. அரக்கோணம் பக்கத்தில் கேசவரம் அணைக்கட்டு அருகே கொசஸ்தலையாற்றிலிருந்து ஒரு கிளை பிரிந்து கூவத்துக்கு வருகின்றது. அங்கே இரண்டும் ஒரே நீர். திருவள்ளூரைத் தாண்டி, திருமழிசை, பருத்திப்பட்டு, திருவேற்காடு, மதுரவாயல் என்று நகரை நெருங்க நெருங்க, வீடுகளின் கழிவும் ஆலைகளின் கழிவும் கலந்து கூவம் தன் நிறத்தையும் மணத்தையும் இழந்துவிடுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வள்ளல் பச்சையப்ப முதலியார் சென்னை நகருக்குள்ளேயே கூவத்தில் நீராடியவர் என்பது இன்று கதைபோலத் தோன்றுகின்றது.

ஏரிகளும் இதற்கு விலக்கல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய கொரட்டூர் ஏரியில் கழிவு கலப்பதை எதிர்த்து, அப்பகுதி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று போராட வேண்டியிருந்தது. ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி 2019-ஆம் ஆண்டில் பசுமைப் பூங்காவாக்கப்பட்டு, மாலை நேரத்தில் குடும்பத்தோடு நடக்கவும் பறவைகளைக் காணவும் ஏற்ற இடமாகியுள்ளது. அங்கே நடப்போம், பறவைகளைப் பார்ப்போம். தூண்டிலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுச் செல்வோம்.

அசுத்தத்தைத் தின்று வளரும் பிராணியை ஜல்லாலா என்று ஃபிக்ஹு நூல்கள் குறிப்பிடுகின்றன. அதன் இறைச்சியையும் பாலையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அடைத்து வைத்து, தூய தீவனம் அளித்து, அதன் கெட்ட தன்மை நீங்கிய பின்னரே உண்ண வேண்டும் என்பது சட்டம். சாக்கடை கலந்த நீரில் வளர்ந்த மீனுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அறிவியலும் இதையே வேறு சொற்களில் கூறுகின்றது. ஆலைக் கழிவிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் மீனின் உடலில் படிந்து, அதை உண்பவரின் உடலிலும் சேர்ந்துவிடுகின்றன. எவ்வளவு கழுவினாலும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அவை அகல்வதில்லை.

ஆற்றின் வழியே ஏரிகள்

நகரத்தின் சாக்கடைகளுக்கு மேற்புறம், அதாவது ஆற்றின் மேல்நோக்கிச் செல்லச் செல்ல, நம் அளவுகோலில் தேறும் நீர் கிடைக்கின்றது. கொசஸ்தலையாறு ஏறத்தாழ 136 கிலோமீட்டர் ஓடி எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கின்றது. அதன் குறுக்கே திருவள்ளூருக்கு அருகில் கட்டப்பட்டதுதான் பூண்டி நீர்த்தேக்கம். சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தியின் முயற்சியால் 1940-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1944-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை, 1943-இலேயே மறைந்துவிட்டார். நீர்த்தேக்கம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அதன் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி.

பூண்டிக்குக் கீழே ஆற்றின் மேல் தாமரைப்பாக்கம் அணைக்கட்டு இருக்கின்றது. அங்கிருந்து நீர் சோழவரம் ஏரிக்கும், சோழவரத்திலிருந்து புழல் ஏரிக்கும் திருப்பப்படுகின்றது. 1872-ஆம் ஆண்டில் சென்னைக்குக் குடிநீர் வழங்கத் தொடங்கிய ஏற்பாடு இதுதான். புழலின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081. பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி இவற்றுள் பெரியது. 3,645 மில்லியன் கன அடி கொள்வது. அது அடையாற்றின் தலைப்பு என்றாலும், பூண்டியிலிருந்து வரும் இணைப்புக் கால்வாயால் கொசஸ்தலையாற்றின் உறவாகிவிட்டது. 1983-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயனாக 1996-ஆம் ஆண்டு முதல் ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கிருஷ்ணா நீரும் ஊத்துக்கோட்டை அருகே தமிழகத்துக்குள் நுழைந்து பூண்டியை அடைகின்றது. ஆக, நம் தூண்டில் தக்கை மிதக்கும் நீரில் மராட்டிய மலைகளில் பெய்த மழையும் கலந்திருக்கலாம்.

இவை அனைத்தும் வெறும் மீன் ஏரிகள் அல்ல; கோடிக்கணக்கான மக்கள் பருகும் நீர். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் இந்த ஏரிகள் வறண்டு, நம் தாய்மார்கள் குடங்களோடு நள்ளிரவிலும் லாரிக்குக் காத்திருந்ததை மறந்திருக்க மாட்டோம். தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிக்க வேண்டாம் என்று 1,400 ஆண்டுகளுக்கு முன்பே கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். ஏரிக்கரைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் அது.

யாரிடம் கேட்பது?

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் யாவரும் பங்காளிகள் என்பது நபிமொழியின் கருத்து. ஓடும் ஆற்றில் இயல்பாக வளரும் மீன், பிடிப்பவருக்கு உரியது. ஆனால் ஏரிகளின் நிலை வேறு. பல ஏரிகளில் மீன்குஞ்சுகள் விலை கொடுத்து வாங்கி விடப்பட்டு, மீன்பிடி உரிமை குத்தகைக்கோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ அளிக்கப்படுகின்றது. பரிசலில் ஏறி, இரவெல்லாம் வலை விரித்து, விடியலில் அதை இழுத்து வாழும் குடும்பங்களின் உரிமை அது. கேளாமல் எடுத்தால், ஒரு கெண்டை மீன்கூட நமக்கு ஹலால் ஆகாது.

ஆகவே புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே ஒருவர் சென்று விசாரித்து வருவது நல்லது. நீர்வளத் துறையின் பொறுப்பிலுள்ள பெரிய நீர்த்தேக்கங்களில் மதகுகளின் அருகிலும் கரையின் பல பகுதிகளிலும் பொதுமக்கள் செல்லத் தடை உண்டு. அறிவிப்புப் பலகையைப் படித்து நடக்க வேண்டும். உள்ளூர் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டால் எந்த ஏரி யாரிடம் குத்தகையில் இருக்கின்றது என்பது தெரியும். பெரிய ஏரியில் அனுமதி இல்லையென்றால் மனம் சோர வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டம் சிற்றேரிகள் நிறைந்தது. ஊராட்சி ஏரிகளைக் குத்தகைக்கு எடுத்தவர்களிடம் முறையாகக் கேட்டு, உரிய தொகையைக் கொடுத்தால், தூண்டில் போட இசைபவர்கள் உண்டு. அந்தத் தொகையைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள்.

சனிக்கிழமையில் மீன் பிடிக்க வேண்டாம் என்று தடுக்கப்பட்ட கடற்கரை மக்கள், சட்டத்தின் சொல்லைக் காத்து உள்ளத்தைத் துறந்து தந்திரம் செய்ததையும், அவர்கள் அடைந்த முடிவையும் அல்அஃராஃப் அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. மீன்பிடிப்பைப் பற்றியே அமைந்த அந்த எச்சரிக்கை, வேலி தாண்டத் துடிக்கும் ஒவ்வொரு தூண்டில்காரருக்கும் உரியது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமும் தடை செய்துள்ளது.

எப்போது செல்வது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஏரிகள் நிறைந்து, எப்போது உபரி நீர் திறக்கப்படும் என்று சொல்ல இயலாத மாதங்கள் இவை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டபோது அடையாற்றின் கரைகள் பட்ட பாட்டை நாடறியும். இம்மாதங்களில் குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குச் செல்லவே வேண்டாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை மிகச் சிறந்த காலம். நீர் தெளிந்திருக்கும், வெயில் கடுமையாக இராது, பூண்டி நீர்த்தேக்கத்தில் கூழைக்கடாவும் நாரையும் இறங்கியிருக்கும். பொங்கல் விடுமுறை இதற்குள் வருவது ஒரு வசதி. ஆனால் காணும் பொங்கலன்று கூட்டம் மிகுதியாக இருக்குமாதலால் அந்த நாளைத் தவிர்ப்பது நலம். வெள்ளிக்கிழமையையும் விட்டுவிடுங்கள்; ஜும்ஆவை நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தூண்டில் போடுவதில் இரண்டும் கெடும். ஏப்ரல், மே மாதங்களில் நீர் வற்றி மீன்கள் ஓரிடத்தில் கூடினாலும், பிள்ளைகள் வெயிலைத் தாங்க மாட்டார்கள்.

என்ன மீன், என்ன இரை?

கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மூன்றும் இன்று நம் ஏரிகளில் வளர்க்கப்படும் பெருங்கெண்டைகள். இவற்றின் தாயகம் கங்கைச் சமவெளி. ஓடும் ஆற்றில் மட்டுமே முட்டையிடும் இம்மீன்களை 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒரிசாவில் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர் ஊசி மூலம் பண்ணையிலேயே முட்டையிடச் செய்து காட்டினார். அதன் பயனாகவே கங்கை மீன் நம் ஊர் ஏரிக்கு வந்தது. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிருகால் அடிமட்டத்திலும் மேயும். எனவே தக்கையை எந்த உயரத்தில் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மீனும் மாறும்.

ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-ஆம் ஆண்டில் நம் மண்டபத்திற்குக் கொண்டுவரப்பட்டு, நாடெங்கும் பரவியது. எளிதில் மாட்டும், ஆகவே முதன்முதலில் தூண்டில் பிடிக்கும் பிள்ளைகளுக்கு ஏற்றது. நம் மண்ணுக்கே உரியவை விரால், குறவை, கெளுத்தி, ஆரால் போன்றவை. கெளுத்தியின் முதுகிலும் பக்கங்களிலும் உள்ள முள் குத்தினால் கடுமையாக வலிக்கும். பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். துணியால் பற்றிப் பெரியவர்களே கழற்றுங்கள்.

தூண்டிலுக்குப் பெரும் செலவு தேவையில்லை. இரண்டு ஆள் உயர மூங்கில் கழி, நைலான் நரம்பு, சிறிய முள், ஒரு தக்கை, சிறு ஈயக்குண்டு, இவை போதும். கெண்டை வகைகளுக்குக் கோதுமை மாவையும் பொடித்த கடலைப் புண்ணாக்கையும் சேர்த்துப் பிசைந்த உருண்டை சிறந்த இரை. ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் மண்புழு.

விரால் பிடிப்பவர்கள் உயிருள்ள தவளையை முள்ளில் கோத்து எறிவது நம் பக்கத்தில் பழக்கம். தவளையைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். மருந்துக்காகக் கேட்டவருக்கே அனுமதி மறுக்கப்பட்டது. ஆகவே நாம் அதைச் செய்யலாகாது. ரப்பரில் செய்த தவளைகள் தூண்டில் கடைகளில் கிடைக்கின்றன. விராலும் அதை நம்பிப் பாய்கின்றது.

இன்னொன்று. விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாக மேய்த்துக் காவல் காக்கும் மீன். நீர்ப்பரப்பில் செம்மஞ்சள் நிறத்தில் சிறு குஞ்சுகள் கொதிப்பதுபோல் எழுந்து எழுந்து மூழ்கினால், அவற்றின் அடியில் தாயோ தந்தையோ நிற்கின்றது என்று பொருள். காவலுக்கு நிற்கும் விரால் தன் குஞ்சுகளை நெருங்கும் எதையும் சீறிக் கவ்வும். அதைப் பிடிப்பது எளிது. பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். குஞ்சுகளை இழந்து சிறகடித்துத் தவித்த ஒரு பறவையைக் கண்டு, அதன் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி பணித்த அண்ணலாரின் உம்மத்தினர் நாம். அந்த இடத்தில் தூண்டிலை எடுத்துக்கொண்டு நூறு அடி தள்ளிச் செல்வதே அழகு.

வீட்டில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் மீன் பெரிதாகிவிட்டது என்று அதை ஏரியில் கொண்டுபோய் விடும் பழக்கமும் பெருகியுள்ளது. தொட்டியைத் துப்புரவாக்கும் முரட்டுத் தோல் மீன் இவ்வாறுதான் சென்னை ஏரிகளில் குடியேறி, வலைகளைக் கிழித்து, மீனவருக்குத் தொல்லையாகிவிட்டது. இரக்கம் என்று நினைத்துச் செய்வது நம் மீனுக்கு இழைக்கும் தீங்காக முடிகின்றது.

ஒரு நாள் திட்டம்

மீன் நன்றாக இரை எடுப்பது விடிந்தது முதல் ஒன்பது மணி வரையிலும், மாலையில் வெயில் தாழ்ந்த பின்னரும் ஆகும். இது நம் தொழுகை நேரங்களோடு இயல்பாகவே பொருந்துகின்றது. சுபுஹுத் தொழுகையை வீட்டருகிலுள்ள பள்ளிவாசலில் நிறைவேற்றிவிட்டுப் புறப்படலாம். அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் புறநகர் ரயிலில் திருவள்ளூர் செல்லலாம். அங்கிருந்து பூண்டி ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பூவிருந்தவல்லிக் குடும்பங்கள் சாலை வழியாகத் திருமழிசையைக் கடந்து திருவள்ளூரை அடையலாம். மொத்தத் தொலைவு 40 கிலோமீட்டர் அளவே ஆகையால், இது கஸ்ருக்குரிய பயணமன்று. தொழுகையை முழுமையாகவே தொழ வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

காலை நேரம் தூண்டிலுக்கு. பத்து மணிக்கு மேல் மீன் ஆழத்துக்குப் போய்விடும். அந்த நேரத்தைப் பூண்டியிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கலாம். இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் 1863-ஆம் ஆண்டில் இந்த ஆற்றுப்படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் கற்கால மனிதர்களின் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். இந்த நீரை நம்பி வாழ்ந்தவர்களின் வரிசையில் நாம் எவ்வளவு பிந்தி வந்தவர்கள் என்பதைப் பிள்ளைகள் அங்கே கண்ணால் காண்பார்கள்.

நண்பகலில் மர நிழலில் உணவு. பிறகு லுஹருத் தொழுகை. விரிப்பும் கிப்லாவை அறியத் திசைகாட்டியும் உளூவுக்கு ஒரு குடம் நீரும் எடுத்துச் செல்வது நலம். உளூவுக்கென்று ஆழம் தெரியாத கரையில் இறங்க வேண்டியிராது. அஸருக்குப் பின் மீண்டும் தூண்டில். மஃரிபுக்கு முன்பே கரையை விட்டு ஏறிவிட வேண்டும். இருட்டிய பின் ஏரிக்கரையில் பாம்பு நடமாட்டம் உண்டு.

பெண்கள் வெறும் சமையலுக்காக மட்டும் அழைத்துச் செல்லப்படுவது முறையன்று. கூட்டத்திலிருந்து சற்று ஒதுங்கிய இடத்தைத் தேர்ந்தெடுத்தால், உரிய உடையோடு அவர்களும் அமைதியாகத் தூண்டில் போடலாம். பொறுமையில் அவர்களே நம்மை வெல்வார்கள்.

ஏரியில் குளிப்பதற்குத் தடை உண்டு. தடை இல்லாத இடத்திலும் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் நீரின் அடியில் சேறும் மண் எடுத்த பள்ளமும் இருக்கின்றன. நீச்சல் தெரிந்த இளைஞர்களே மூழ்கிய துயரங்கள் ஆண்டுதோறும் செய்தியாகின்றன. பத்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் பொறுப்பாக இருக்கட்டும். தூண்டிலைப் பார்க்கும் கண் பிள்ளையைப் பார்க்காது.

திரும்புமுன் அறுந்த நரம்பு, முள், பிளாஸ்டிக் பை ஆகிய அனைத்தையும் பொறுக்கி எடுத்து வாருங்கள். நைலான் நரம்பு கால்களில் சிக்கினால் நாரை பறக்க இயலாது. பாதையில் கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை அல்லவா?

வீடு வந்த பின்

ஏரி மீனுக்குச் சேற்று மணம் உண்டு என்று சிலர் ஒதுக்குவர். செதில் நீக்கி, குடலையும் செவுளையும் முழுவதும் களைந்து, கல்லுப்பும் மஞ்சளும் தேய்த்துக் கழுவி, சிறிது நேரம் மோரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊற வைத்தால் அம்மணம் போய்விடும். விராலைப் புளியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆணம் காய்ச்சலாம். ஜிலேபியை மிளகும் பூண்டும் அரைத்துத் தடவிப் பொரிக்கலாம். செத்து மிதக்கும் மீனை எடுத்து வராதீர்கள். ஹனஃபி மத்ஹபில் அது கூடாது. நீரில் எதனால் செத்தது என்று அறியாத மீன் எந்த மத்ஹபினருக்கும் உடல்நலத்துக்கு ஏற்றதன்று. பிடித்ததில் ஒரு பங்கு அண்டை வீட்டாருக்குச் செல்லட்டும். குழம்பில் நீரைக் கூட்டியாவது அண்டை அயலாரைக் கவனிக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கின்றது என்னும் பாடத்தை, அசையாத தக்கையைப் போல் கற்பிக்கும் ஆசான் வேறில்லை. செம்பரம்பாக்கத்திலும் பூண்டியிலும் கரையோரக் கடைகளில் ஏரி மீன் விற்கின்றார்கள். மீனவரிடம் நியாயமான விலை கொடுத்து வாங்கி வருவதில் வெட்கமில்லை.

வாப்பா, நம் ஆற்றில் ஏன் பிடிக்கவில்லை?

இப்படி ஒரு நாளைக் கழித்துவிட்டு, கூவத்தின் பாலத்தைக் கடந்து வீடு திரும்பும்போது, வண்டியில் இருக்கும் பிள்ளை கேட்கக்கூடும்: வாப்பா, நம் வீட்டுப் பக்கத்திலேயே ஆறு இருக்கும்போது நாம் ஏன் இவ்வளவு தூரம் போனோம்?

இக்கேள்விக்கு விடை சொல்லத் தயாராக இருக்க வேண்டும். பூவிருந்தவல்லியில் கோல்கொண்டா ஆட்சிக் காலத்தில், 1653-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பள்ளிவாசல் இன்றும் இருக்கின்றது. பாரசீகத்திலும் தெலுங்கிலும் பொறித்த கல்வெட்டைத் தாங்கிய அப்பள்ளியில் அன்று தொழுதவர்களின் காலத்தில், சற்றுத் தொலைவில் ஓடிய கூவம் தெளிந்த நீராகவே இருந்திருக்கும். அந்த ஆற்றை இறைவன் மாற்றவில்லை; மனிதர்களின் கைகள் மாற்றின. மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டதன் விளைவாகவே தரையிலும் நீரிலும் சீர்கேடு வெளிப்பட்டது என்று அர்ரூம் அத்தியாயம் எச்சரிப்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், நம் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகின்றது என்பதையும் அன்றிரவே விசாரியுங்கள். கழிவுநீர் இணைப்பு மழைநீர் வடிகாலில் கலந்திருந்தால் அதைச் சீர் செய்யுங்கள். குர்பானிக் கழிவை நீர்நிலையில் கொட்டாதிருக்க மஹல்லாவில் ஏற்பாடு செய்யுங்கள். ஏரியைக் காக்க உங்கள் தெருவில் கூடுவோரோடு, அவர்கள் எச்சமயத்தவராயினும், ஜமாஅத்தும் தோள் கொடுக்கட்டும்.

நீர் ஓர் அமானிதம். கொசஸ்தலையாற்றின் மேற்கரையில் இன்றும் நம்மால் தூண்டில் போட முடிகின்றதென்றால், அந்த அமானிதம் இன்னும் அங்கே முழுவதும் பாழாகவில்லை என்று பொருள். அதைப் பாழாக்காமல் காப்பதும், பாழான கூவத்தை மீட்பதும் நம் தலைமுறையின் கடமை. உளூச் செய்யத் தகுந்த நீராக நம் ஊர் ஆறு மீண்டும் ஓடும் நாளை நம் பேரப்பிள்ளைகள் காண, வல்ல நாயன் நல்லருள் புரிவானாக! ஆமீன்.